பவளம் வாங்கப் போனவரும் எரிமலை பார்க்கப் போனவளும்

பன்னிரண்டு வருடம் எரிமலைப் பாடம் நடத்திய நான் அதுவரை ஒரு எரிமலையைக்கூடப் பார்த்ததில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் பெரிய முக்கோணம் ஒன்றைப் போட்டு, உச்சியைக் கொஞ்சம் அழித்து, நடுவில் ஒரு குழாய் வரைந்து, அடியில் சிவப்பு சாக்பீஸால் குழம்பைத் தீட்டுவேன். பிள்ளைகள் அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒருத்தியாவது எழுந்து, "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்ளா?" என்று கேட்பாள். "இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வரும் டவுன் பஸ்ஸில் அந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாலை என் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு கடிதத்தை நீட்டினார். எங்கள் வீடு கோட்டைமேட்டில். பெரிய கடைவீதியில் அவருக்குச் சின்னதாக ஒரு கல் கடை இருந்தது. முத்து, பவளம், ராசிக்கல். நகை ஆசாரிகள் வருவார்கள். செவ்வாய்க்குப் பவளம் போடச் சொல்லி ஜோதிடர் எழுதிக்கொடுத்த சீட்டோடு சிலர் வருவார்கள். கல்யாணத்துக்குப் பவளமாலை கோக்க உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து வரும். பவளத்தை அவர் பம்பாயிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் வந்த சரக்கில் சாயம் ஏற்றின மணிகள் கலந்திருந்தன. ஒரு அம்மாவின் கழுத்து வியர்வையில் சிவப்பு இறங்கி, ரவிக்கையெல்லாம் கறையாகிவிட்டது. அந்த அம்மா மாலையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று இவர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு, பம்பாய்க்காரருக்கு முன்பெல்லாம் நல்ல சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தவரின் விலாசத்தைத் தேடிப்பிடித்து நேரடியாக எழுதிப்போட்டார். அதற்குத்தான் பதில் வந்திருந்தது. வந்து, பார்த்து, எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஓர் இத்தாலிக்காரர் எழுதியிருந்தார்.

"மே மாசம் போயிப்போட்டு வந்தர்றேன். ஒரு வாரந்தான்" என்றார்.

"எந்த ஊருங்க?"

"என்னமோ போட்டிருக்குது பாரு. நேப்பிள்ஸ் பக்கத்துல."

நான் திருத்திக்கொண்டிருந்த பேப்பர் கட்டைக் கீழே வைத்தேன். அலமாரியிலிருந்து அட்லஸை எடுத்து, இத்தாலியைத் தேடி, விரலை மேற்குக் கரையோரமாக இறக்கினேன். நேப்பிள்ஸ். அதன் பெயருக்குப் பக்கத்திலேயே மிளகு அளவுக்கு ஒரு முக்கோணம். வெசூவியஸ்.

"நானும் வாரேனுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அம்மணி, நா வேலையாப் போறேன். கல்லுப் பாக்குற எடத்துல நீ வந்து என்ன செய்வே?"

"நீங்க கல்லப் பாருங்க. நா மலையப் பாக்குறேன்."

டிக்கெட்டுக்கு என் சேமிப்பு இருந்தது. மே மாதம் என்பதால் பள்ளியில் லீவு கேட்கவும் தேவையில்லை. எங்கள் மகளை உடுமலைப்பேட்டையில் இருந்த என் தங்கை வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். தென்னந்தோப்பும் பம்ப் செட் தொட்டியும் இருக்கிற வீடு. எங்களை வழியனுப்பக்கூட வரமாட்டேன் என்று மகள் முந்தின வாரமே அங்கே போய்விட்டாள். காந்திபுரத்தில் எனக்கு ஒரு ஸ்வெட்டரும் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் வாங்கினோம். புடவைக்கு ஷூ வாங்குகிறேன் என்று தெரிந்ததும் கடைக்காரர் என்னையும் ஷூவையும் மாறிமாறிப் பார்த்தார். "நடக்கறதுக்குங்க" என்றேன். வேறென்ன சொல்ல.

பீளமேட்டிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ரோம். அந்த ராத்திரி முழுக்க விமானத்தில் நான் தூங்கவில்லை. அவர் ஏறின நிமிடம் முதல் தூங்கினார். ரோமில் இறங்கி ரயில் ஏறியபோது, மலை எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு அந்தப் பக்க ஜன்னலைப் பிடித்தேன். நேப்பிள்ஸ் நெருங்க நெருங்கக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டேன். வெளியே பால் கலந்த தண்ணீர் மாதிரி வானம். மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"எங்க உன்ற மலை?" என்றார்.

"மூட்டமுங்க. கலைஞ்சா தெரியும்."

நேப்பிள்ஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாலாபக்கமும் பார்த்தார். ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர், நடுவில் ஒரு நாய்க்குட்டி. சிக்னல் சிவப்பில் இருக்க எல்லா வண்டியும் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. தரையில் துணி விரித்து பெல்ட், வாட்ச், குடை என்று கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பா என்றால் சத்தமே இருக்காது என்று நினைத்துப் பயந்துகொண்டு வந்தவர் முகத்தில் அப்போதுதான் தெளிச்சி வந்தது.

"நம்ம காந்திபுரமாட்டவே இருக்குது" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் கையைக் காட்டியபடி தெருவைக் கடந்தார். அவ்வளவு வண்டிகளும் அவருக்காக நின்றன.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் நாலாவது மாடியில் எங்கள் லாட்ஜ். ஒரு விதவை அம்மாள் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், காயப்போட்ட விரிப்புகளை விலக்கி, வெள்ளை வானத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். "வெசூவியோ" என்றார். பிறகு, "தொமானி" என்றார். அது நாளைக்கு என்று அர்த்தம். அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

மறுநாளும் மூட்டம்தான். பவளக்காரர் அதற்கடுத்த நாள்தான் வரச் சொல்லியிருந்தார். அதனால் ஊர் சுற்றினோம். கிரேக்கர்கள் போட்ட தெரு என்று புத்தகத்தில் படித்த தெருவில் இன்றைக்கும் தக்காளி விற்கிறார்கள். இரண்டு பக்கமும் ஐந்து மாடி வீடுகள். மேலே ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். மேலிருந்து ஒரு பெண் கயிற்றில் கூடையை இறக்கினாள். கீழே கடைக்காரர் அதில் ரொட்டியை வைத்தார். கூடை ஆடிக்கொண்டே மேலே போனது. என் வீட்டுக்காரர் அதை நின்று பார்த்தார். "நம்ம ஊட்டுக்கு ஒண்ணு கட்டலாம்" என்றார். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டி ஒன்று இருந்தது. வட்டமாக, எட்டுத் துண்டாகக் கோடு கிழித்து, கரியாகக் கறுத்திருந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் வெசூவியஸ் வெடித்த அன்று அடுப்பில் இருந்த ரொட்டி. என் பாடப்புத்தகத்தில் இந்த மலைக்கு இரண்டு வரிதான் உண்டு: வெடித்தது, ஊர்கள் புதைந்தன. அந்த இரண்டு வரிக்குள் ஒருவர் அடுப்பில் ரொட்டி வைத்துவிட்டு எடுக்காமல் ஓடியிருக்கிறார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு அறை தள்ளிப் போய்ப் பழைய காலத்து நகைகளுக்குள் மூழ்கிவிட்டிருந்தார். காவலாளி கடைசியில் எங்கள் இருவரையும் தனித்தனியாகத் தேடி வெளியே அனுப்பினார்.

அடுத்த நாள் விடிகாலை. அவர் அறையில் தொழுதுகொண்டிருந்தார். நான் ஈரத்தலையோடு மொட்டைமாடிக் கதவைத் திறந்தேன்.

மலை அங்கேயே இருந்தது. இரண்டு நாளாக வெள்ளையாக இருந்த இடம் முழுக்க, கரிய நீலத்தில், வீடுகளின் முதுகுக்கு நேர் பின்னால், ஊரைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வேறொன்றையும் கவனித்தேன். அது முக்கோணம் இல்லை. இரண்டு திமில். உடைந்துபோன பழைய மலையின் ஓரம் ஒரு திமில். அதன் மடிக்குள்ளிருந்து பிறகு வளர்ந்த கூம்பு இன்னொன்று. பன்னிரண்டு வருடமாக எத்தனை நோட்டுகளில் நான் தப்பு மலையை ஏற்றியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வெட்கத்துக்குப் பதில் சிரிப்பு வந்தது.

ஓடிப்போய் அறைக் கதவைத் தள்ளினேன். அவர் நெற்றி தரையில் பட சஜ்தாவில் இருந்தார். தொழுகிறவரைக் கூப்பிட முடியாது. வாசலில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான தொழுகையை நான் பார்த்ததில்லை. தொழுகையை முடிக்கிற சலாமை வலப்பக்கம் கொடுத்தார். இடப்பக்கம் கொடுத்தார். முகத்தைத் துடைப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு, "இது வெடிக்குமா?" என்றார்.

"வெடிக்குமுங்க. எப்பன்னுதான் தெரியாது."

"இத்தன பேரு கீழ குடியிருக்காங்களே."

"ஆமாங்க."

"அப்ப நாம மூணு நாளு இருக்கறதுல ஒண்ணும் தப்பில்ல" என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பவளக்காரரின் ஊர் தோரே தெல் கிரேக்கோ. மலையைச் சுற்றி ஓடுகிற சின்ன ரயிலில் அரை மணிக்கும் குறைவுதான். வழியில் எர்க்கொலானோ என்ற ஸ்டேஷன் வந்தது. மலைக்குப் போகிற பஸ் அங்கிருந்துதான் கிளம்பும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ரயில் நின்றபோது எழுந்தே விட்டேன். அவர் என் ஸ்வெட்டரைப் பிடித்து உட்காரவைத்தார். "நாளைக்கு. இன்னிக்குக் கல்லு."

பவளக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான, கெட்டியான மனிதர். அவர் வீட்டுக்குக் கீழேயே பட்டறை. கடலிலிருந்து வந்த பவளம், சின்னச் சின்ன மரக்கிளைகள் மாதிரி தட்டுகளில் கிடந்தது. அவருடைய அக்காதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "எத்தனை மீட்டர்?" என்று கேட்டார். ஐந்தரை என்றதும் தம்பியிடம் சொன்னார். அவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

என் வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். நகப்பூச்சு அழிக்கிற திரவம். பஞ்சில் நனைத்து மணியைத் தேய்த்தால், சாயம் போட்ட மணி என்றால் பஞ்சு சிவந்துவிடும். ஒவ்வொரு சரத்திலும் ஒரு மணியைத் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பவளக்காரர் முகத்தைச் சுளித்தார். எழுந்து உள்ளே போனார். காரியம் கெட்டது என்று நான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் அதே திரவம், ஆனால் ஒரு லிட்டர் புட்டி. கூடவே பெரிய பஞ்சுக் கட்டு. மேஜையில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் மொழியே தேவைப்படவில்லை.

மத்தியானம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். பன்றி இறைச்சி கூடாது, மது கூடாது என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கத்தரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கிப் பொரித்து, தக்காளியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி வேகவைத்துக் கொண்டுவந்தார். தம்பி பழக்கதோஷத்தில் ஒயின் ஊற்ற வந்தார். இவர் டம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அக்கா தம்பியின் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார். கத்தரிக்காய் எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் மாதிரி இருந்தது. தக்காளியோ, அப்படி ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை.

"இது மலை மண்ணில் விளைந்தது" என்றார் அக்கா. "அதனால்தான் யாரும் இங்கிருந்து போவதில்லை."

"மேலே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஒரு தடவைகூட இல்லை."

மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டு ஊட்டிக்கு ரயிலேறாதவர்களை எனக்குத் தெரியும். அப்படித்தான் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது என்னை ஒரு தடவை பார்க்க வந்துவிட்டது. நான் எதற்கு அதைப் பார்க்கப் போக வேண்டும்?"

பிறகு சொன்னார். போர் நடந்துகொண்டிருந்த சமயம். அவருக்கு ஐந்து வயது. மலைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் ஊரில் இருந்தார்கள். ஒரு நாள் பகலிலேயே இருட்டிவிட்டது. மேலேயிருந்து கல் விழ ஆரம்பித்தது. அம்மா இவர் தலையில் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்து, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாத்திரத்தின்மேல் கல் விழுகிற சத்தம் மட்டும் இன்றைக்கும் கேட்கிறது என்றார். சாம்பலின் கனத்தில் அம்மாவின் வீட்டுக் கூரை உள்ளே இறங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அம்மா பிறகு அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

எரிமலையைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும் என்று அன்று காலைவரை நினைத்திருந்தேன். ஒரு எரிமலை வெடிப்புக்குள் நடந்து வந்த ஒருவர் எனக்குக் கத்தரிக்காய் பரிமாறிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்துக் கேள்வி கேட்டேன். சாம்பல் சுட்டதா, நாற்றம் எப்படி, எத்தனை நாள், பறவைகள் என்ன ஆயின. அவர் பொறுமையாகச் சொன்னார். சுடவில்லை, ஆனால் கனம். பறவைகளை அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சிக்கல் வந்தது. எடுத்துவைத்த சரங்கள் போதவில்லை. மீதி மணிகள் மறுநாள்தான் துளை போட்டு வரும் என்றார் பவளக்காரர். அதற்கும் மறுநாள் மத்தியானம் நாங்கள் ரோமுக்கு ரயில் ஏற வேண்டும்.

"மலைய உட்டுப்போடலாமா அம்மணி?" என்றார் இவர், தயங்கித் தயங்கி. "இங்கிருந்தே நல்லாத் தெரியுதே."

அத்தனை தூரம் வந்து கீழே நின்று பார்த்துவிட்டுப் போவதா? "நீங்க கல்லு பாருங்க. நாளைக்கு நா மட்டும் போயிட்டு வந்தர்றேன்" என்றேன்.

"பாஷ தெரியாத ஊர்ல தனியா எப்பிடிப் போவே?"

"அன்னிக்குத் தெருவ எப்பிடித் தாண்டுனீங்களோ அப்பிடித்தான்."

நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததை அக்கா புரிந்துகொண்டுவிட்டார். சண்டைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை போலும். "தனியாகவா போகப் போகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். "ஒன்பது மணிக்கு எர்க்கொலானோ ஸ்டேஷனில் நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தம்பி அவர் பின்னாலேயே போய் ஏதோ கேட்டார். கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அக்கா ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். ஆண்பிள்ளை ஷூ, தம்பியுடையதாக இருக்க வேண்டும். பையில் ஆரஞ்சுப் பழங்கள். பஸ் மலைமேல் வளைந்து வளைந்து ஏறியது. முதலில் வீடுகள், பிறகு திராட்சைத் தோட்டங்கள், பிறகு மஞ்சள் பூப் புதர்கள், பிறகு பழைய லாவா. கறுப்பாக, முறுக்கிப் பிழிந்து போட்ட துணி மாதிரி உறைந்து கிடந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. வலது ஜன்னலுக்கும் இடது ஜன்னலுக்கும் மாறிக்கொண்டே இருந்தேன். அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நின்ற இடத்திலிருந்து நடக்க வேண்டும். ஒரு கிழவர் ஆளுக்கு ஒரு தடி கொடுத்தார். என் புடவையைப் பார்த்துவிட்டு இரண்டாவது தடியையும் நீட்டினார். வேண்டாம் என்றேன். பாதை முழுக்கச் சாம்பல் சரளை. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னால் சறுக்கியது. காற்று முக்காட்டைப் பிடுங்கியது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து ஏறினேன். எதிரே இறங்கி வந்த பிள்ளைகள் வழிவிட்டு நின்று கைதட்டினார்கள். மூச்சு வாங்கியது. ஆனால் நிற்கத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா என்னைவிட நிதானமாக, என்னைவிட நன்றாக ஏறி வந்துகொண்டிருந்தார்.

உச்சியில் வேலிக் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் அதற்குப் பத்தடி முன்னாலேயே நின்று, மலையின் வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டார். நான் மட்டும் போனேன்.

உள்ளே சிவப்பு இல்லை, குழம்பு இல்லை. பெரிய, மிகப் பெரிய ஒரு கிண்ணம். சுவர்கள் சாம்பல், துருவின் நிறம், சில இடத்தில் கந்தக மஞ்சள். அந்தப் பக்க விளிம்பில் நின்ற மனிதர்கள் எள் மாதிரி தெரிந்தார்கள். எங்கோ ஒரு கல் பெயர்ந்து, தட்டித் தட்டி விழுந்துகொண்டே போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு பக்கத்துச் சுவரில், இட்லிப் பானையை லேசாகத் திறந்ததுபோல ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நெருப்புக்குச்சி கொளுத்தின மணம். "சுப்ஹானல்லாஹ்" என்றேன், சத்தமாகவே. வழிகாட்டி ஒருவர் பாதையோரத்து வெடிப்பு ஒன்றைக் காட்டி, கையை வை என்று ஜாடை செய்தார். வைத்தேன். சூடான ஈரக்காற்று உள்ளங்கையில் பட்டது. பூமிக்கு உள்ளே சூடு இருக்கிறது என்று ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லியிருப்பேன். அது என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. கையை எடுக்கவே மனம் வரவில்லை. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பிப் போய் அக்காவின் கையைப் பிடித்தேன். "மலையின் வாய் அடைத்துக் கிடக்கிறது. நான் பிடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை" என்றேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். அப்படியே விளிம்புவரை வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு, அந்தக் குழிக்குள் பார்த்தபடி, அவர் மொழியில் பேச ஆரம்பித்தார். முதலில் மெதுவாக. பிறகு விரலை நீட்டி, குரலை உயர்த்தி, கடைக்காரரிடம் சண்டை போடுகிற மாதிரி. பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "என்ன சொன்னீர்கள்?" என்றேன்.

"என் அம்மாவின் கூரைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன்."

"பதில் வந்ததா?"

"இவ்வளவு வருடம் பயந்தேன். இது வெறும் பள்ளம்" என்றார். சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். கீழே கடல் வளைந்து கிடந்தது. அதன் ஓரம் முழுக்க ஊர், ஊரோடு ஒட்டி இன்னொரு ஊர். கப்பல்கள். மஞ்சு படர்ந்த தீவு. தன் வீட்டுக் கூரை எது என்று அவர் தேடினார். பட்டறைக்குப் பக்கத்து மாதாகோயிலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு என்ன சந்தோஷம். எழுந்து நின்று கை ஆட்டினார், அங்கே யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல.

நாங்கள் பட்டறைக்குத் திரும்பியபோது மூன்று மணி. என் வீட்டுக்காரரும் பவளக்காரரும் வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மணிகள் எல்லாம் தேர்ந்து, எடை போட்டு, பொட்டலம் கட்டியாகிவிட்டது. அக்கா தம்பியிடம் இரண்டு கைகளாலும் பேசினார். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ரயிலில் ஆரம்பித்தேன். ஆவி, கந்தகம், கல் விழுந்த சத்தம், கையில் பட்ட சூடு. லாட்ஜ் படியேறும்போதும் பேசினேன். சாப்பிடும்போதும் பேசினேன். அவர் ரொட்டியில் எங்கள் ஊர் எலுமிச்சை ஊறுகாயைத் தடவியபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "காலைல மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

"ரோம் ரயிலு இருக்குதுங்களே?"

"மத்தியானந்தானே. ஓடிப்போட்டு ஓடியாந்தர்லாம்."

முதல் பஸ்ஸில் போனோம். அவரிடம் கறுப்புத் தோல் ஷூதான் இருந்தது, வியாபாரத்துக்குப் போட்டு வந்தது. சரளையில் சறுக்கிச் சறுக்கி, என்னை முந்திக்கொண்டு ஏறினார். பாதி வழியில் மேகம் இறங்கியது. உச்சியில் வேலிக் கயிற்றைப் பிடித்து நின்றபோது எங்கள் முன்னால் வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கிற என் முகமே அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவருக்கு அப்படி இல்லை. மூக்கை உறிஞ்சினார். "நெருப்புக்குச்சி வாசமடிக்குது" என்றார். காதைச் சாய்த்தார். எங்கோ கல் உருண்டது. "கேட்டியா? கேட்டியா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த வெடிப்பைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்து அவர் கையை அதன்மேல் வைத்தேன். வைத்த கையை எடுக்காமல், மறுகையையும் வைத்தார். குளிர்காய்கிற மாதிரி குந்தி உட்கார்ந்துகொண்டார். ரயிலை நினைவுபடுத்தி எழுப்ப வேண்டியிருந்தது.

இறங்கும்போது இரண்டு பேரும் ஓடினோம். அவர் ஒரு தடவை விழுந்தார். எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு மறுபடி ஓடினார். லாட்ஜ் அம்மாள் பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்திருந்தார். ரயில் நகர்கிற சமயத்தில் ஏறினோம். உட்கார்ந்ததும் அவர் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். எதிர்சீட்டுப் பெண்மணியின் காலடிவரை கறுப்புச் சரளை கொட்டியது. அந்தப் பெண்மணி கீழே பார்த்தார், எங்களைப் பார்த்தார், "வெசூவியோ?" என்று கேட்டார். இவர் தலையாட்டினார். பிறகு ரோம் வரைக்கும், தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையையும் தெரியாத இத்தாலியனையும் கலந்து, தான் பார்க்காத மலையைப் பற்றி அந்த அம்மாவுக்கு விவரித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.